இலங்கைப் பெண்களின் வாக்குரிமையும் மலையகத் தமிழ்ப் பெண்களும் (1931 – 2003): ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

1931 இல் இலங்கைப் பெண்கள், 21 வயது நிரம்பிய ஆண்களோடு ஒத்த நிலையில் வாக்குரிமை பெற்றனர். ஆசிய நாடுகளுள் சர்வசன வாக்குரிமையை முதலில் நடைமுறைப்படுத்தியது இலங்கையே. அவ்வாண்டு நினைவுகூரப்படும்போதெல்லாம், அது எல்லாப் பெண்களும் ஒரே நாளில் அடைந்த வெற்றியாகவே கூறப்படுகிறது. தேயிலைத் தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழ்ப் பெண்களின் வரலாறு இக்கூற்றுக்குப் பொருந்தி வருவதில்லை. 1931 இன் வாக்காளர் தகுதி விதிகளையும், 1948, 1949 ஆம் ஆண்டுச் சட்டங்களையும், 1988, 2003 ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த மாற்றங்களையும் ஒருசேர நோக்கி, பெண்ணைத் தனியொருத்தியாக ஏற்றுக்கொண்ட வாக்குரிமை, தந்தைவழியால் குடியுரிமையை அளந்த சட்டத்தின் முன் எவ்வாறு தோற்றது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சர்வசன வாக்குரிமை, டொனமூர் ஆணைக்குழு, மலையகப் பெண்கள், பிரசாவுரிமைச் சட்டம், நாடற்றோர், தந்தைவழி மரபு

முன்னுரை

உரிமை ஒன்றைப் பெற்ற நாளைக் கொண்டாடுவது சமுதாயங்களின் வழக்கம். அவ்வுரிமையை யார் பெற்றார், யார் பெறவில்லை, பெற்றவர்களுள் யார் பின்னர் இழந்தார் என்று கேட்பது வரலாற்றாசிரியரின் கடமை. இலங்கைப் பெண்களின் வாக்குரிமை நூற்றாண்டை நெருங்கும் வேளையில் இக்கேள்விகளைத் தவிர்க்க இயலாது. குமாரி ஜயவர்தனாவும் மாலதி டி அல்விசும் இலங்கை மகளிர் வாக்குரிமை இயக்கத்தின் வரலாற்றை விரிவாக ஆராய்ந்துள்ளனர். மலையக மக்களின் குடியுரிமை இழப்புப் பற்றியும் நூல்கள் பல உள்ளன. எனினும் முன்னது பெண்களின் வரலாறாகவும் பின்னது ஓர் இனத்தின் வரலாறாகவும் தனித்தனியே வாசிக்கப்படுவதே வழக்கமாக உள்ளது. அவ்விரண்டையும் இணைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. டொனமூர் ஆணைக்குழுவின் முன் எழுந்த கேள்வி

டொனமூர் பிரபுவின் தலைமையிலான அரசியலமைப்பு ஆணைக்குழு 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்தது. அப்போது நாட்டின் மக்கள்தொகையில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினரே வாக்காளராக இருந்தனர். கல்வியும் சொத்தும் வருமானமும் உடைய ஆண்களே அச்சிறு தொகையினர். அவ்வாண்டு டிசம்பரில் கொழும்பில் மகளிர் வாக்குரிமைச் சங்கம் அமைக்கப்பட்டது. அதனை அமைத்தோர் பெரும்பாலும் வசதிபடைத்த, ஆங்கிலம் கற்ற குடும்பப் பெண்கள். கல்வித் தகுதியோ சொத்துத் தகுதியோ உடைய பெண்களுக்கு வாக்கு வேண்டும் என்ற அளவிலேயே அவர்களுட் பலரின் எதிர்பார்ப்பு நின்றது.

ஆணைக்குழுவின் முன் சங்கத்தினர் சாட்சியமளித்தபோது, தோட்டங்களில் வேலைசெய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமா என்று டொனமூர் பிரபு வினவினார். சங்கத்தின் முன்னணியில் நின்ற அக்னஸ் டி சில்வா, அவர்களும் பெண்கள்தாம், எல்லாப் பெண்களுக்கும் வாக்கு வேண்டும் என்ற பொருள்பட விடையளித்தார். இவ்விடை இலங்கைப் பெண்ணிய வரலாற்றில் பலமுறை எடுத்துக்கூறப்பட்டுள்ளது. ஆனால் விடையைவிடக் கேள்வியே கூர்ந்து நோக்கத்தக்கது. பெண்கள் என்ற சொல்லுக்குள் தோட்டத்துப் பெண் அடங்குவாளா என்ற ஐயம், உரிமை பிறப்பதற்கு முன்பே எழுந்துவிட்டது என்பதை அக்கேள்வி காட்டுகிறது.

1928 இல் வெளிவந்த அறிக்கை, 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு வாக்குரிமையைப் பரிந்துரைத்தது. 1918 முதல் பிரித்தானியாவில் நிலவிய வயதெல்லை அதுவே. அதே ஆண்டில் பிரித்தானியப் பெண்களுக்கும் 21 வயதிலேயே வாக்கு என்று சட்டம் மாறியதையடுத்து, இலங்கையிலும் இருபாலாருக்கும் 21 வயது என்று வகுக்கப்பட்டது. சிசு மரணம், தாய்சேய் நலன் ஆகியவற்றில் நாட்டின் கவனம் திரும்பவேண்டுமாயின் பெண்களின் குரல் அரசியலில் ஒலிக்கவேண்டும் என்பது ஆணைக்குழுவின் கருத்துகளுள் ஒன்று. டொனமூர்த் திட்டத்தைச் சட்டநிரூபண சபை 1929 டிசம்பரில் ஏற்றபோது, ஆதரவாக 19 வாக்குகளும் எதிராக 17 வாக்குகளும் கிடைத்தன.

2. எதிர்ப்பும் புறக்கணிப்பும்

சர்வசன வாக்குரிமையை எதிர்த்தோருள் முதன்மையானவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். 1913 இல் மருதனார்மடத்தில் பெண்களுக்கெனக் கல்லூரி நிறுவியவரும் அவரே. பெண்ணுக்குக் கல்வி தகும் என்று கருதிய அவர், பெண்ணுக்கும் சாதிப்படிநிலையில் தாழ்த்தப்பட்டோருக்கும் வாக்குத் தகாது என்று கருதினார். 1930 இல் இலண்டன் வரை சென்று அத்திட்டத்துக்கு எதிராக முறையிட்டார். கல்வியும் உரிமையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமே வந்து சேரும் என்ற பொதுநம்பிக்கைக்கு இது தக்க மறுப்பு.

யாழ்ப்பாணத்தில் வேறொரு காரணத்தால் வாக்குரிமை தாமதமாயிற்று. டொனமூர்த் திட்டம் தன்னாட்சி வழங்கவில்லை என்று கூறி யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் 1931 ஆம் ஆண்டுத் தேர்தலைப் புறக்கணிக்கச் செய்தது. வடக்கின் நான்கு தொகுதிகள் 1934 வரை வெறுமையாக இருந்தன. ஆகவே அத்தொகுதிகளின் பெண்கள் வாக்களிக்க மேலும் மூன்றாண்டுகள் காத்திருந்தனர்.

தெற்கில் 1931 ஜூனில் தேர்தல் நடைபெற்றது. நாடு முழுவதும் வாக்காளர் தொகை 15 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. அவ்வாண்டு இறுதியில் ருவன்வெல்லை இடைத்தேர்தலில் வென்று அடலின் மொலமூரே அரசாங்க சபையின் முதற் பெண் உறுப்பினரானார். 1932 இல் கொழும்பு வடக்கிலிருந்து நேசம் சரவணமுத்து தெரிவானார். முன்னவர் தம் தந்தையின் தொகுதியிலும் பின்னவர் தம் கணவரின் தொகுதியிலும் வெற்றி பெற்றனர் என்பதும் இங்கு எண்ணத்தக்கது.

3. 1931: பாதி திறந்த கதவு

ஆணைக்குழு பரிந்துரைத்த வாக்குரிமை தோட்டத் தொழிலாளருக்கும் கிடைத்தால், மலைநாட்டுத் தொகுதிகளில் அவர்களின் செல்வாக்கு மேலோங்கும் என்று சிங்களத் தலைவர்கள் பலர் அஞ்சினர். இதனால் தேசாதிபதி ஹேர்பட் ஸ்டான்லியின் காலத்தில் விதிகள் இறுக்கப்பட்டன. இறுதியில் வாக்காளராவதற்கு மூன்று வழிகள் அமைந்தன. முதலாவது, இலங்கையை நிரந்தர வதிவிடமாகக் கொண்டிருத்தல். இரண்டாவது, எழுத்தறிவோடு சொத்து அல்லது வருமானத் தகுதி உடைமை. மூன்றாவது, ஐந்தாண்டு வசித்தபின், இங்கேயே நிலைத்து வாழும் எண்ணத்தை அறிவித்துச் சான்றிதழ் பெறுதல்.

இவ்விதிகள் ஆண், பெண் என்று வேறுபாடு காட்டவில்லை. எனினும் தோட்டத்துப் பெண்ணின் வாழ்நிலையில் வைத்து நோக்கினால் அவை வேறொரு தோற்றம் கொள்கின்றன. அக்காலச் சட்டக் கொள்கையின்படி, மணமான பெண்ணின் வதிவிடம் அவள் கணவனின் வதிவிடத்தையே தொடரும். அவள் கண்டிச்சீமையிலேயே பிறந்து வளர்ந்தவளாயினும், கணவன் திருச்சியையோ சேலத்தையோ தன் ஊராகக் கொண்டவன் என்று கருதப்பட்டால், அவளும் அவ்வூருக்கே உரியவளாவாள். ஆகவே முதல் வழி அவளது வாழ்வைப் பொறுத்ததன்று. கணவனது வதிவிடத்தைப் பொறுத்தது. இரண்டாம் வழியோ அவளுக்கு எட்டாதது. இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்கீழ் 1929 முதல் மலைநாட்டு ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் கூலியாக வகுக்கப்பட்டன. மாதத்தில் 26 நாள் வேலைக்குப் போனாலும் அவள் ஈட்டியது 11 ரூபாய் அளவே. தோட்டப் பள்ளிகளில் பெண்பிள்ளைகளின் படிப்பு பெரும்பாலும் கொழுந்து பறிக்கும் வயது வந்ததும் முடிந்துபோயிற்று. எஞ்சியது சான்றிதழ் வழி. அதற்கு அதிகாரிகளின் முன் செல்லவும், வசிப்பை மெய்ப்பிக்கவும், எழுத்தில் அறிவிக்கவும் வேண்டியிருந்தது. லயத்துக்கும் மலைக்கும் இடையே பொழுது கழிந்தவளுக்கு இது எளிதன்று.

இத்தனை தடைகளையும் கடந்து 1931 இல் இந்தியத் தமிழர் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் வாக்காளராயினர். ஹட்டனிலிருந்து பெரி சுந்தரமும் தலவாக்கலையிலிருந்து எஸ். பி. வைத்திலிங்கமும் அரசாங்க சபைக்குச் சென்றனர். 1936 இல் கோ. நடேசையர் ஹட்டன் தொகுதியில் வென்றார். அவர் துணைவியார் மீனாட்சியம்மாள் தோட்டந்தோறும் சென்று, தொழிலாளரின் துயரையும் உரிமையையும் பாட்டாகப் பாடினார். வாக்கு என்பது இன்னதென்று தோட்டத்துப் பெண்கள் தம் மொழியில் அறிய வாய்த்த களங்களுள் அக்கூட்டங்களும் அடங்கும்.

4. 1948 – 1949: தாய் இடம்பெறாத சட்டம்

1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் மலையகத் தொகுதிகள் பலவற்றில் வென்றது. மறு ஆண்டு பெப்ரவரியில் நாடு விடுதலை பெற்றது. அதே ஆண்டில் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. அப்போது இந்தியத் தமிழரின் தொகை 1946 ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி 7,80,000 அளவில் இருந்தது.

இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரசையாக வேண்டுமாயின் அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். சட்டப்படியான திருமணத்தில் பிறந்தோரைப் பொறுத்தவரை, தாய் எங்கே பிறந்தாள் என்ற கேள்விக்கு இச்சட்டத்தில் இடமே இல்லை. தாயும் தாயின் தாயும் ஒரே தோட்டத்தில் பிறந்து, ஒரே மலையில் கொழுந்து பறித்தவர்களாயினும், அப்பரம்பரை மகளுக்கு நாட்டைத் தரவில்லை. தந்தையின் பிறப்பை மெய்ப்பிக்கும் பத்திரமோ பெரும்பாலான குடும்பங்களில் இல்லை.

1949 இன் 3 ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் பதிவுவழிப் பிரசாவுரிமைக்கு இடமளித்தது. 1946 ஜனவரி 1 க்கு முன் இடையறாத வசிப்பு, மணமானோர்க்கு 7 ஆண்டும் மணமாகாதோர், துணையை இழந்தோர், மணமுறிவு பெற்றோர்க்கு 10 ஆண்டும் வேண்டப்பட்டது. மணமான ஆண் விண்ணப்பித்தால் அவன் மனைவியின் வசிப்பும் சோதிக்கப்பட்டது. பேறுகாலத்துக்கோ சாவுச் சடங்குக்கோ கடல்கடந்து சென்று நீண்டநாள் தங்கியிருந்தால், அவளது பயணம் குடும்பம் முழுவதன் உரிமையையும் ஐயத்துக்குள்ளாக்கியது. இங்ஙனம் உரிமை தருமிடத்தில் பெண் கணக்கில் வரவில்லை. உரிமை மறுக்குமிடத்தில் கணக்கில் வந்தாள். எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. அவர்களுள் பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேர் மட்டுமே.

அதே ஆண்டின் 48 ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் பிரசைகளுக்கே வாக்கு என்று வரையறுத்தது. 1952 ஆம் ஆண்டுத் தேர்தலில் மலையகத் தமிழர் ஒருவரும் நாடாளுமன்றம் செல்லவில்லை. இச்சட்டங்கள் ஆண்களின் வாக்கையும் பறித்தன என்பது உண்மை. ஆயினும் பெண்ணின் இழப்பு இருமடங்கானது. ஆண், தன் தந்தைவழியை மெய்ப்பிக்க இயலாமையால் நாடற்றவனானான். பெண்ணோ, தன் வழியே பிள்ளைக்கு எதையும் தர இயலாதவள் என்று சட்டத்தாலேயே வகுக்கப்பட்டபின் நாடற்றவளானாள்.

5. மீட்சியின் நெடுவழி

1964 ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974 இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். பெற்றோர் ஒரு நாட்டுக்கும் மணமான மகள் மறு நாட்டுக்கும் எனக் குடும்பங்கள் பிரிந்தன. மலையகத்தில் எஞ்சிய பெண்கள் 1984 இல்தான் ஆண்களுக்கு ஒத்த நாட்கூலி பெற்றனர். அப்போதும் அவர்களுட் பலர் நாடற்றோரே. 1988 இன் 39 ஆம் இலக்கச் சட்டமும், அதன்பின் 2003 இன் 35 ஆம் இலக்கச் சட்டமும் எஞ்சியோர்க்குப் பிரசாவுரிமை வழங்கின.

2003 ஆம் ஆண்டுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. அவ்வாண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தச் சட்டமே, தாய்வழியாகவும் பிள்ளைக்குப் பிரசாவுரிமை கிடைக்க வழிவகுத்தது. நாடற்ற நிலையை நீக்கும் சட்டமும் தாயைக் கணக்கில் எடுத்த சட்டமும் ஒரே ஆண்டில் வந்தது தற்செயலாகலாம். ஆனால் 1948 இல் அவ்விரு விலக்கல்களும் ஒரே சட்டத்தில் பிறந்தவை என்பது தற்செயலன்று.

முடிவுரை

1931 பெருமைக்குரிய ஆண்டே. பிரெஞ்சுப் பெண்கள் 1944 வரை காத்திருக்க, இலங்கைப் பெண்கள் அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்னரே வாக்குரிமை பெற்றனர். அப்பெருமையை இக்கட்டுரை குறைத்து மதிப்பிடவில்லை. வாக்குரிமை குடியுரிமையின்மேல் நிற்பது. குடியுரிமை குடும்பத்தைப் பற்றிய சட்டத்தின் எண்ணத்தின்மேல் நிற்பது. அடித்தளத்தில் தாய்க்கு இடமில்லையெனில், மேலே மகளுக்குத் தரப்பட்ட வாக்கு நிலைக்காது என்பதையே மலையகப் பெண்களின் வரலாறு உணர்த்துகிறது. ஆகவே இலங்கைப் பெண்கள் வாக்குரிமை பெற்ற ஆண்டை நினைவுகூர்வோர் 1931 உடன் 1949 ஐயும் 2003 ஐயும் சேர்த்தே நினைவுகூர்தல் வேண்டும். அவர்களும் பெண்கள்தாம் என்று ஆணைக்குழுவின் முன் கூறப்பட்ட விடையை நாட்டின் சட்டம் முழுமையாக ஏற்றுக்கொள்ள ஏறத்தாழ எழுபத்தைந்து ஆண்டுகள் சென்றன.