வற்றும் நீரும் வற்றாத நீரும்: மதுரைச் சமவெளியில் மீன்பிடிக் கலமும் உயிர்க்காவலும்

மதுரையின் வடமேற்கில், திண்டுக்கல் சாலையை ஒட்டி, வைகையின் வடகரைப் பக்கமாக அமைந்துள்ள விளாங்குடி, 2011ஆம் ஆண்டில் மாநகராட்சியுடன் இணைக்கப்படும் வரை தனிப் பேரூராட்சியாக விளங்கியது; அதற்கும் முன்பு நெடுங்காலம் அது கண்மாய் நீரை நம்பி வயல் விளைவித்த ஊர். விளாங்குடி, பரவை, செல்லூர், வண்டியூர், மாடக்குளம் என்று ஆற்றின் இரு மருங்கிலும் தொடர்ந்த கண்மாய்களே இச்சமவெளியின் நீர்நிலைகள். சரிவான நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் மட்டும் மண்கரை எழுப்பி, மழைநீரையும் ஆற்றுக்காலின் நீரையும் தேக்கிவைக்கும் ஏரியே கண்மாய் எனப்படுகிறது. பாசன நீர் வெளியேறும் வாய் மடை என்றும், மிகுந்த நீர் வழிந்தோடும் கற்கட்டு கலிங்கு என்றும், நீர் பரந்து நிற்கும் உட்பரப்பு உள்வாய் என்றும் வழங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறைந்து, தை அறுவடை வரை வயலுக்குப் பாய்ந்து, பங்குனி, சித்திரையில் சேறாகி வற்றும் இந்த ஆண்டுச் சுழற்சிதான் இங்கு மீன்பிடிக்கும் முறையையும் அதற்குரிய கருவிகளையும் தீர்மானித்தது.

நீரில் உயிரைக் காத்துக்கொள்வது, கருவியைத் தேர்ந்துகொள்வதிலிருந்து பிரிந்த ஒரு தனிக் காரியமாக இச்சமவெளியில் நெடுங்காலம் இருந்ததில்லை. எந்தக் கருவியை எந்தப் பருவத்தில், எவ்வளவு நீரில் பயன்படுத்துவது என்ற மரபுக்குள்ளேயே காவலும் அடங்கியிருந்தது. இவ்விரண்டும் எப்போது, ஏன் பிரிந்தன என்பதைப் பின்தொடர்ந்து பார்த்தால், இன்று பரிசலிலோ கயாக்கிலோ ஏறித் தூண்டில் போடச் செல்வோர் எதிர்கொள்ளும் இடர்களின் வேர் புலப்படும்.

கண்மாய் மீன் ஊரின் பொதுச் சொத்தாகவும், கண்மாயைப் பேணும் வருவாயாகவும் கருதப்பட்டதற்கு இடைக்காலக் கல்வெட்டுகள் சான்று தருகின்றன. ஏரி மீனிலிருந்து கிடைக்கும் வருவாய் மீன்பாட்டம் எனப்பட்டது; அதைக் கொண்டு ஏரியைத் தூர்வாரவும் கரையைச் செப்பனிடவும் ஏற்பாடுகள் செய்யப்பட்டன. மீன்பாசிக் குத்தகை என்ற பெயரில் இன்றளவும் ஏலம் விடப்படுவது அந்த உரிமையின் தொடர்ச்சியே. அதே காலத்துக் கல்வெட்டுகளுள் சில, ஏரியில் தூர்வாரும் ஓடங்களுக்கும் அவற்றில் பணிபுரியும் ஆட்களுக்கும் அளிக்கப்பட்ட அறக்கட்டளைகளைக் குறிக்கின்றன. ஏரிக்குள் ஓடம் விடும் திறன் தமிழகத்தில் இல்லாமல் இல்லை என்பது இதனால் தெளிவாகிறது. ஆயினும் மதுரைப் பகுதிக் கண்மாய்களில் மீனுக்காக ஓடம் விடுவது பெருவழக்காக ஆகவில்லை. சில மாதங்கள் பொறுத்தால் நீரே வடிந்து மீனைக் கைக்கெட்டும் ஆழத்திற்குக் கொண்டுவந்துவிடும் இடத்தில், ஆழத்தை நோக்கிச் செல்லவேண்டிய தேவை எழவில்லை.

வற்றும் கண்மாயில் ஊரே திரண்டு இறங்கும் மீன்பிடித் திருவிழா இப்பொறுமையின் விளைவு. மதுரை, மேலூர், சிங்கம்புணரி வட்டாரங்களில் இன்றும் மாசி முதல் வைகாசி வரையிலான கோடை நாள்களில் நடைபெறும் இவ்விழாவில், கரைத் தெய்வத்தை வணங்கியபின் ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசி அடையாளம் காட்டிய பிறகே மக்கள் உள்வாயில் இறங்குவர். அதற்கு முன் எவரும் நீரில் கால் வைப்பதில்லை. பிடித்த மீனை விலைக்கு விற்காமல் வீட்டில் சமைத்து உண்பதே பல ஊர்களில் நெறி. ஒரே சமயத்தில் நூற்றுக்கணக்கானோர் இறங்குவதால் எவரும் தனித்து நீரில் நிற்பதில்லை. நீர் முழங்காலுக்கோ இடுப்புக்கோ வடிந்திருப்பதால் நீச்சல் அறியாதவரும் அஞ்சவேண்டியதில்லை. உரிய நாள் வரும்வரை தனியாள் இறங்கக் கூடாது என்ற கட்டுப்பாடு மீன் வளர அவகாசம் தந்தது. அதுவே ஆழ நீரில் ஒருவர் தனித்து மூழ்காமலும் காத்தது. ஒரு விதிக்குள் மீனின் நலமும் மனிதரின் நலமும் இவ்வளவு எளிதாகப் பொருந்தியிருப்பது, ஊராரின் நீரறிவு எத்தகையது என்பதைக் காட்டுகிறது.

இவ்விழாவின் முதன்மைக் கருவி ஊத்தா. மூங்கில் குச்சிகளை இணைத்துச் செய்யப்படும் இக்கூடையின் அடிப்பக்கம் அகன்றும் மேல்வாய் குறுகியும் இரு முனைகளும் திறந்திருக்கும். சேற்றுநீரில் நடந்துகொண்டே அதை ஓங்கிக் குத்தி அழுத்துவர். உள்ளே மீன் அகப்பட்டால் அது கூட்டில் மோதும் அதிர்வு கைக்குத் தெரியும். உடனே மேல்வாய் வழியே கையை விட்டு எடுப்பர். விரால், குரவை, கெளுத்தி போன்ற சேற்றுமீன்களுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி அமைவது அரிது. கைவிடும் முறைக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. கெளுத்தியின் துடுப்பு முள் கையைக் கிழிக்கும். தேளி மீனின் முள்ளோ நஞ்சுடையது, பல மணி நேரம் கடுக்கும். சில வேளைகளில் ஊத்தாவுக்குள் அகப்படுவது தண்ணீர்ப்பாம்பாகவும் இருக்கும். ஆதலால் பழகியவர் விரல்களை விரித்து அள்ளாமல், கூட்டின் ஓரமாகக் கையை இறக்கி, வழுவழுப்பையும் பருமனையும் தடவி அறிந்தபின், தலைக்குப் பின்புறம் முள்ளுக்கு இடம்விட்டுப் பற்றுவர். ஊத்தா ஊன்றுகோலாகவும் பயன்பட்டது. அடுத்த அடி வைக்கும் முன் அது குத்தும் இடமே ஆழத்தையும் சேற்றின் இறுக்கத்தையும் சொல்லிவிடும்.

நீர் நிறைந்த பருவத்திலோ மீனவர் கரையையும் மடையையும் விட்டு அகலவில்லை. கரையில் நின்று வீச்சு வலை எறிவதும், நீரோடும் கால்களிலும் கலிங்கின் கீழும் பரி எனப்படும் பொறிக்கூடைகளை வைப்பதும், புதுநீரில் எதிரேறி வரும் அயிரையைச் சிறுகண் வலையால் அள்ளுவதும் மழைக்கால வழக்கங்கள். உள்வாய்க்குள் சென்றே தீரவேண்டிய வேளையில் கிடைத்த மிதவைகள் எளியவை: வாழைமரங்களைக் கோத்துக் கட்டிய தெப்பம், முதுகில் கட்டிக்கொள்ளும் உலர்ந்த சுரைக்குடுக்கை ஆகியன. கண்மாயிலேயே வளரும் நெட்டி, வலைக்கு மிதப்புக் கட்டையாகப் பயன்பட்டது. சுரைக்குடுக்கையை உடலோடு கட்டிக்கொண்டே கிணற்றில் நீந்தப் பழகிய தலைமுறைகள், இன்றைய உயிர்காப்பு உடையின் அடிப்படையை அறிந்தேயிருந்தன: மிதப்பு என்பது கலத்தில் இருந்தால் போதாது, ஆளின் உடலோடு இருக்கவேண்டும்.

இச்சமவெளியின் நீரியல் 1895ஆம் ஆண்டில் பெரிதும் மாறியது. அவ்வாண்டில் நிறைவுற்ற முல்லைப் பெரியாறு அணையிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியே வைகைப் படுகைக்கு வந்த நீர், பேரணையில் பிரிக்கப்பட்டு வடகரை, மேலூர்ப் பகுதிக் கண்மாய்கள் பலவற்றை எட்டியது. 1959ஆம் ஆண்டில் ஆண்டிபட்டிக்கு அருகே 71 அடி உயரத்திற்கு நீர் தேக்கும் வைகை அணை திறக்கப்பட்டது. கோடையிலும் முற்றாக வற்றாத, கரையில் நின்று எட்ட முடியாத, காற்றடித்தால் அலை எழும் நீர்ப்பரப்பு ஒன்று மதுரைக்கு மேற்கே தோன்றியதும், ஊத்தாவும் பொறுமையும் அங்குப் பயன்படவில்லை, கலம் தேவைப்பட்டது. காவிரியில் 1934ஆம் ஆண்டில் அமைந்த மேட்டூர் நீர்த்தேக்கத்தில் நிலைபெற்றிருந்த பரிசல் மீன்பிடியே வைகை நீர்த்தேக்கத்திலும் வழக்கமானது.

பரிசல் என்பது மூங்கில் பிளாச்சுகளைப் பின்னி வட்டமாக வளைத்து, வெளிப்புறம் தோல் போர்த்திய கலம். 1520ஆம் ஆண்டளவில் விசயநகரத்தைக் கண்ட போர்த்துகீசியர் தொமிங்கோ பயஸ், துங்கபத்திரையில் கூடைபோல் வட்டமான, தோல் போர்த்திய படகுகளில் மனிதரும் குதிரைகளும் மாடுகளும் கரை கடந்ததைக் குறித்துள்ளார். சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், நீர்க்கலங்களின் தோற்றம் பற்றி 1946இல் வெளியிட்ட நூலில், தென்னிந்தியப் பரிசலை இராக்கின் டைகிரிசு ஆற்றுக் குஃபாவோடும் வேல்சு நாட்டுத் தோற்படகோடும் சேர்த்து ஆராய்ந்தார். வடதுருவத்தை ஒட்டிய பகுதிகளில் இனுயிட் மக்கள் கட்டையும் எலும்பும் கொண்டு சட்டமமைத்துக் கடல்நாய்த் தோல் போர்த்திய கயாக்கும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. சட்டத்தின் மேல் தோல் என்ற ஒரே கருத்து, குளிர்கடலில் நீண்டு ஒடுங்கிய வேட்டைக் கலமாகவும், தென்னாட்டு ஆற்றில் அகன்ற வட்டக் கலமாகவும் வடிவெடுத்தது. கயாக் விரைவையும் நேரோட்டத்தையும் தேர்ந்தது. அதற்கு ஈடாக, கவிழ்ந்தால் துடுப்பின் வீச்சாலேயே நிமிரும் பயிற்சியை இனுயிட் வேட்டைக்காரர் பெறவேண்டியிருந்தது. பரிசலோ அகலத்தால் நிலைப்பையும், மிகக் குறைந்த ஆழத்திலும் பாறைமேலும் வழுக்கிச் செல்லும் தன்மையையும், ஒருவரே தலைமேல் கவிழ்த்துச் சுமக்கும் இலகுவையும் தேர்ந்தது.

அத்தேர்வுக்கும் விலை உண்டு. அடிக்கட்டை இல்லாத வட்டக்கலம் பக்கவாட்டில் துடுப்பு வலித்தால் முன்செல்லாமல் சுழலும். ஆதலால் பரிசலோட்டி துடுப்பைத் தனக்கு நேர்முன்னே நீரில் இறக்கித் தன்னை நோக்கி இழுக்கிறார். நீரைப் பற்றி நிற்கும் அடிப்பகுதி இல்லாததால் காற்று இழுத்த பக்கம் பரிசல் ஒதுங்கும். ஆனி, ஆடியில் மேற்குக் கணவாய்கள் வழியே தேனிப் பள்ளத்தாக்கில் பலத்த காற்று வீசுவதால், வைகை நீர்த்தேக்கத்தில் இது சிறிய இடர் அன்று. எடை நடுவிலும் தாழ்விலும் இருக்கும்வரை அசையாத பரிசல், உள்ளிருப்பவர் எழுந்து நின்றாலோ இருவரும் ஒரே விளிம்பில் சாய்ந்தாலோ நீரை முகந்துவிடும். நீர்த்தேக்க மீன்பிடியில் ஒருவர் துடுப்பு வலிக்க மற்றவர் வலை விடுவதும் எடுப்பதும் ஆகையால், வலையைப் பற்றி இழுப்பவரின் சாய்வுக்கு எதிர்ப்புறம் துடுப்புக்காரர் தம் எடையை வைத்துக்கொள்ள வேண்டும். மேட்டூரில் கணவனும் மனைவியுமாகப் பரிசலில் செல்வது இயல்பான காட்சி. நெடுநாள் சேர்ந்து உழைத்தவரிடையே இந்த எடைப் பங்கீடு பேச்சின்றியே நடக்கும்.

கலம் நீரை முகக்கும் இதே சிக்கலுக்குக் கடற்கரையில் கட்டுமரம் வேறொரு விடை கண்டது. மூன்று முதல் ஏழு வரையிலான இலகு மரங்களைச் செதுக்கிக் கயிற்றால் பிணைத்த இக்கலத்தில் நீரை வெளியே நிறுத்தும் முயற்சியே இல்லை. அலை மேலேறி மரங்களின் இடைவெளி வழியே வடிந்துவிடும். மூழ்குவதற்கு உட்குழிவு இல்லாததால், கவிழ்ந்தாலும் அதுவே பற்றிக்கொள்ளும் மிதவையாகிறது. இக்காலத்தில் மீன்பிடிக்கெனப் பெரிதும் விற்கப்படும் மேலே அமர்ந்து செலுத்தும் கயாக், அடைத்த வெற்றுடலும், ஏறிய நீர் வடியும் துளைகளும் கொண்டு, இதே நெறியைப் பிளாஸ்டிக்கில் பின்பற்றுகிறது. மதுரைக்கு அண்மைக் கடலான பாக்கு நீரிணையில் கட்டுமரத்தைவிட வள்ளமே மிகுதி என்பதால், சமவெளி மீனவரிடம் கட்டுமரத்தின் பாடம் நேரடியாக வந்து சேரவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பொருள்கள் மாறின. பருத்தி நூல் வலையின் இடத்தை நைலான் பிடித்தது. பின்னர்த் தங்கூஸ் எனப்படும் ஒற்றை நரம்பு வலை வந்தது. பருத்தி வலை கண்ணுக்குத் தெரியும், விரைவில் மட்கும். தங்கூஸ் நீரில் தெரியாது, மட்காது, காலில் சுற்றினால் கையால் அறுபடாது. கயாக்கில் மீன்பிடிப்போர் எளிதில் எட்டும் இடத்தில் கத்தி ஒன்றை மாட்டி வைப்பது இதனால்தான். பரிசலிலும் அது இருக்கவேண்டிய பொருள். தோலின் இடத்தில் தார் பூசிய பிளாஸ்டிக் விரிப்பும், பிறகு கண்ணாடியிழையும் வந்தன. கண்ணாடியிழைப் பரிசல் ஆண்டுதோறும் போர்வை மாற்றும் வேலையைக் குறைத்தது. ஆனால் உட்புறம் மிதப்புப்பொருள் பதிக்காவிட்டால், நீர் நிறைந்ததும் அது தாழ்ந்துவிடும். மூங்கில் சட்டமோ நீர் நிறைந்தாலும் ஓரளவு மிதப்பைத் தக்கவைக்கும். பழைய பொருள் தானாகவே அளித்த காவலைப் புதிய பொருளில் தனியே சேர்க்கவேண்டியதாயிற்று. கருவியும் காவலும் பிரிந்த இடம் இதுவே.

கண்மாய்களிலும் அப்பிரிவு நேர்ந்தது. குத்தகைதாரர் குஞ்சு விட்டு வளர்க்கும் கட்லா, ரோகு மீன்களைப் பிடிக்க நீர் வற்றும்வரை காத்திராமல், லாரி டியூபின் மீதோ சாக்கில் கட்டிய தெர்மாகோல் பலகையின் மீதோ அமர்ந்து உள்வாயில் வலை விரிக்கும் வழக்கம் பரவியது. டியூபின் வால்வு கழன்றாலோ முள்ளில் கிழிந்தாலோ மிதப்பு முழுவதும் ஒரே கணத்தில் போய்விடும். கண்மாயின் தரையும் முன்போல் இல்லை. சீராகச் சரிந்த உள்வாயில் அளவின்றி மண் அள்ளப்பட்ட இடங்களில் செங்குத்தான குழிகள் உருவாகி, இடுப்பளவு நீரில் நடப்பவர் அடுத்த அடியில் ஆளுயரத்திற்கும் கீழே செல்கிறார். ஊத்தா குத்தி நடந்த தலைமுறைக்குத் தெரிந்திருந்த தரையின் வரைபடம் இதனால் செல்லாததாகிவிட்டது. குளிக்கவும் மீன்பிடிக்கவும் இறங்கும் சிறுவர்கள் இத்தகைய குழிகளில் மூழ்கி இறப்பது, வருந்தத்தக்க முறையில், தமிழகமெங்கும் திரும்பத் திரும்ப நிகழ்கிறது.

பரிசலின் எடை விதிக்குப் பெரிய கலமும் விலக்கன்று. மதுரைக்கு நீர் தரும் அதே பெரியாற்று ஏரியில், தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 அன்று ஈரடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். விலங்குகளைக் காணப் பயணிகள் ஒரே பக்கம் நகர்ந்ததும் படகு சாய்ந்தது. உயிர்காப்பு உடை அவர்கள் உடலில் இல்லை. ஒரு விளிம்பில் எடை சேரக் கூடாது என்ற பரிசலின் முதல் பாடமே, பல மடங்கு எடையுள்ள படகிலும் உயிர்களைத் தீர்மானித்தது.

வைகை அணையில் நீர் 66 அடியை எட்டும்போது முதல் எச்சரிக்கையும், 68.5 அடியில் இரண்டாவதும், 69 அடியில் மூன்றாவதும் விடுக்கப்படும் முறை, ஆற்றங்கரையில் வாழ்வோரைக் கருதி அமைந்தது. நீர்த்தேக்கத்திற்குள் மாலையில் வலை விரித்து விடியலில் எடுக்கச் செல்லும் பரிசல்காரருக்கு வேண்டிய எச்சரிக்கை காற்றைப் பற்றியது. அவர் உடலோடு இருக்கவேண்டிய காவல் மிதப்பு உடை. சுற்றுலாப் படகுகளில் தரப்படும் பருத்த, இடுப்புவரை நீளும் உடை, காலை மடித்துப் பரிசலின் அடியில் அமர்பவருக்கு மோவாயை இடித்து மேலேறும், தோளை அசையவிடாது. அதனால் அது கழற்றி வைக்கப்பட்டு, தேவைப்படும் கணத்தில் எட்டாமல் போகிறது. கயாக் துடுப்பாளருக்கென்று தைக்கப்படும் உடை இடுப்புக்கு மேலேயே முடிந்து, அக்குள் பகுதி அகலமாக வெட்டப்பட்டு, முதுகின் கீழ்ப்பாதி மெல்லியதாக அமைகிறது. பரிசலோட்டியின் இருக்கையும் கைவீச்சும் கயாக் துடுப்பாளரின் இருக்கைக்கும் கைவீச்சுக்கும் நெருங்கியவை என்பதால், வைகையிலும் மேட்டூரிலும் மீனவர் சங்கங்களுக்கு வழங்கப்படவேண்டியது இவ்வெட்டில் அமைந்த உடையே. அதையும் வலை விடுபவருக்கு ஒன்று, துடுப்பு வலிப்பவருக்கு ஒன்று என்று ஒரு பரிசலுக்கு இரண்டாக வழங்கவேண்டும்.