மண்ணில் நட்ட கால்

பரங்கிப்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் மாட்டுக் கொட்டகையைக் கவனித்திருப்பீர்கள். பனை அல்லது சவுக்குக் கால்களை மண்ணில் நட்டு, மேலே கீற்று வேய்ந்து, பக்கங்களில் தட்டி கட்டியிருப்பார்கள். 2011 டிசம்பர் 30இல் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, காற்றின் வேகம் மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டர் தட்டியின்மேல் சுமார் 80 கிலோ எடை அழுத்துவது போன்ற விசை செயற்படும். வேகம் பாதியானால் விசை கால் பங்காகிவிடும். அது வேகத்தின் இருமடியைப் பொறுத்தது.

இந்த விசை முழுவதும் கால்களைத்தான் வந்தடைகிறது. நட்ட காலை வளைக்கும் திருப்புத்திறன் தரைமட்டத்தை ஒட்டியே மிகுதி. கால் இற்றுப்போவதும் சரியாக அதே இடத்தில்தான்! இது ஏன்?

விடை பழைய பூம்புகாரில் கிடைக்கிறது. 1960களில் தொல்லியல் துறையினர் அங்குள்ள கீழையூரில் அகழ்ந்தபோது, செங்கல்லால் கட்டிய படகுத்துறையும் அதனருகே நட்ட மரக்கால்களும் வெளிப்பட்டன. அம்மரங்கள் 2,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. கீழடியிலோ, கூரையைத் தாங்கிய கால்களின் குழிகள் மட்டுமே எஞ்சியிருந்தன. மரம் மக்கி மறைந்துவிட்டது.

மரத்தை மக்கச் செய்யும் பூஞ்சைக்கு நீரும் வேண்டும், காற்றும் வேண்டும். நீர் ஊறிய சேற்றின் ஆழத்தில் காற்று இல்லை. கீழையூர் மரம் தப்பியது. காலின் மேற்பகுதியில் காற்று உண்டு, ஆனால் மழை நின்றதும் உலர்ந்துவிடுகிறது. இரண்டும் சேர்ந்து கிடைக்கும் இடம் தரைமட்டம். கறையானும் அவ்வழியே ஏறுகிறது.

15 செ.மீ. குறுக்களவுள்ள கால் சுற்றிலும் மக்கி 10 செ.மீ. ஆனால் எவ்வளவு வலிமை மிஞ்சும்? மூன்றில் இரண்டு பங்கு என்பீர்கள். உண்மையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வளைவைத் தாங்கும் வலிமை குறுக்களவின் மும்மடியைப் பொறுத்தது.

இரும்புக் கால் நட்டால் போதாதா? 1830இல் ஜோசையா மார்ஷல் ஹீத் இரும்பாலை தொடங்கிய ஊரல்லவா பரங்கிப்பேட்டை! ஆயினும் இரும்பு துருப்பிடிக்கவும் நீரும் காற்றுமே காரணம். கடலோர உப்பு அதை விரைவுபடுத்தும்.

மரத்தையே பூஞ்சைக்கு நஞ்சாக்கும் வழியைக் கண்டவர் ஓர் இந்தியர். டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சோந்தி காமேசம் 1933இல் செம்பு, குரோமியம், ஆர்செனிக் சேர்மங்களைக் கலந்து ஒரு கரைசல் உருவாக்கினார். குரோமியம் மற்ற இரண்டையும் மரத்திலேயே பிணைத்துவிடுவதால் மழையில் எளிதில் கரைவதில்லை. உலகெங்கும் தந்திக் கம்பங்களும் அமெரிக்கப் பண்ணைக் கொட்டகைகளின் கால்களும் இதனால் நீண்ட ஆயுள் பெற்றன. ஆனால் ஆர்செனிக் மனிதருக்கும் நஞ்சு. 2004 முதல் அமெரிக்காவில் வீட்டு மர வேலைகளில் இதன் பயன்பாடு பெரும்பாலும் நின்றுவிட்டது. இத்தகைய மரத்தை ஒருபோதும் அடுப்பெரிக்கக் கூடாது.

நஞ்சில்லாத வழி அதைவிடப் பழையது: மரம் மண்ணைத் தொடாதபடி செய்வது. அருகிலுள்ள சிதம்பரத்தில் சிற்சபையைப் பாருங்கள்; அந்த மரக்கட்டடம் உயர்ந்த கல் பீடத்தின்மேல் நிற்கிறது. கொட்டகைக்கும் இதுவே பொருந்தும். கூரைக்கு முட்டுக்கொடுத்துவிட்டு, காலின் மக்கிய அடியை நல்ல மரம் தெரியும்வரை அறுத்தெடுங்கள். மண்ணில் கல்லோ கான்கிரீட்டோ ஆன குத்துக்காலை ஆழமாக நட்டு, அதனோடு மரத்தைத் தரைக்கு ஒரு சாண் மேலே இரண்டு போல்ட்டுகளால் இறுக்குங்கள். தட்டியின் அடியும் மண்ணைத் தொடவேண்டாம். மக்கிய காலைச் சுற்றி வெறுமனே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, கேடு மறைவாக வளரும்.

புயல் ஓய்ந்ததும் நாம் கீற்றையும் தட்டியையும் புதுப்பிக்கிறோம். அவை கண்ணுக்குத் தெரிகின்றன. அடுத்த மழைக்காலம் வருமுன் உங்கள் வீட்டுக் கொட்டகையின் ஒவ்வொரு காலையும் தரைமட்டத்தில் ஒரு கத்திமுனையால் குத்திப் பாருங்கள். முனை எளிதாக உள்ளே இறங்கினால், அதனடியில் கட்டியிருக்கும் மாட்டுக்கு அந்தக் கால் இனிக் காவல் அல்ல.