தாத்தா வைத்த மீன் தொட்டி
(வானொலி வேளாண் உரை)



"ஏன் சார், கடலைக்கும் நெல்லுக்கும் யோசனை சொல்ற ஆள், இன்னைக்கு மீன் தொட்டியைப் பத்திப் பேச வந்துட்டீங்களே?" என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. யூரியா மண்ணில் என்ன ஆகிறது, போராக்ஸ் எதற்குப் போடுகிறோம் என்ற இரண்டு சங்கதிகளுமே லண்டனில் மீன் தொட்டி வைத்த ஒரு குடும்பத்தின் கதையில் வருகின்றன.

முதலில் என் கதை. சில வருஷங்களுக்கு முன்பு, மகள் ஆசைப்பட்டாள் என்று வீட்டிலேயே தொட்டி செய்தேன். ஐந்து கண்ணாடித் துண்டு, ஒரு குழாய் சிலிக்கான் பசை, அவ்வளவுதான். மணலைப் பளிச்சென்று கழுவிக் கொட்டி, தண்ணீர் நிரப்பி, அன்று சாயங்காலமே எட்டு மீன் விட்டேன். பிள்ளை வேளை தவறாமல் தீனி போட்டாள். ஒன்பதாம் நாள் ஒரு மீன்கூட மிஞ்சவில்லை. "அப்பா, நீங்க சயின்ஸ் படிச்சவர்தானே?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடிப் போனபோதுதான் இந்தக் குடும்பத்தைப் பற்றித் தெரிந்துகொண்டேன்.

மெழுகுவத்தி எரிந்து கெட்டுப்போன காற்றைப் புதினாத் தழை மறுபடி நல்ல காற்றாக்குகிறது என்று 1771-இல் ஜோசப் பிரீஸ்ட்லி கண்டார். வெயில் பட்டால்தான் செடி அந்த வேலையைச் செய்யும் என்று 1779-இல் இங்கன்ஹவுஸ் காட்டினார். இதை வைத்து 1849-இல் ராபர்ட் வாரிங்டன் என்ற லண்டன் ரசாயன அறிஞர் ஒரு சோதனை செய்தார். 12 காலன் கண்ணாடிப் பாத்திரத்தில் பாதித் தண்ணீர், அடியில் மணலும் சேறும், சில கற்கள், இரண்டு சின்னத் தங்கமீன், வாலிஸ்நேரியா என்ற நீர்ச்செடி. நம் குளங்களிலும் வாய்க்கால்களிலும் நாடா மாதிரி நீளமாக வளருமே, அதேதான்.

கொஞ்ச நாளில் பழுத்த இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியது. வாரிங்டன் தண்ணீரைக் கொட்டிவிடவில்லை. குளத்து நத்தை ஐந்தாறைப் பிடித்து விட்டார். நத்தை அழுகலைத் தின்றது. நத்தை முட்டை மீனுக்குத் தீனியானது. மீன் கழிவு செடிக்கு உரமானது. தண்ணீர் தெளிந்தது. 1850-இல் இதை அவர் எழுதி வெளியிட்டார்.

1853-இல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் மீன் கூடம் திறந்தார்கள். ஊரெல்லாம் தொட்டி மோகம் பிடித்தது. வசதி இல்லாதவர்கள் நாற்றின்மேல் கவிழ்க்கும் கண்ணாடி மூடியைத் தலைகீழாக்கி, மரக்கட்டையில் நிறுத்தித் தொட்டியாக்கிக்கொண்டார்கள். ஆனால் பலர் வீட்டில் என் வீட்டுக் கதைதான் நடந்தது. செடி தரும் காற்று மட்டும் போதும் என்ற எண்ணத்தில் ஓர் ஓட்டை இருந்தது. இரவில் செடியும் பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும். அது போக, மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷம்.

அந்த அம்மோனியா என்ன ஆகிறது? இதற்கு வழிகாட்டியவர் வாரிங்டனின் மகன். அவர் பெயரும் ராபர்ட்தான். ராதம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் மண்ணை ஆராய்ந்தவர். அம்மோனியா முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாறுகிறது. இரண்டையும் செய்பவை வெவ்வேறு நுண்ணுயிர்கள் என்று அவர் காட்டினார். 1890 வாக்கில் வினோகிராட்ஸ்கி அவற்றைத் தனியே பிரித்தெடுத்தார். மேட்டு நிலத்தில் நீங்கள் போடும் யூரியாவை நைட்ரேட்டாக்குவதும் இந்த நுண்ணுயிர்கள்தான்.

பேத்தி காதரீன் வாரிங்டனும் ராதம்ஸ்டெட்டில்தான் வேலை பார்த்தார். போரான் இல்லாவிட்டால் அவரை இனச் செடி ஒன்று பிழைக்காது என்று 1923-இல் நிரூபித்தார். இன்று கடலைக்கும் தென்னைக்கும் போராக்ஸ் சிபாரிசு செய்கிறோமே, அதற்கு அடிப்படை இந்தக் கண்டுபிடிப்பு.

இப்போது மகள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. பளிச்சென்று கழுவிய என் தொட்டியில் அந்த நுண்ணுயிர்கள் இல்லை. அவை பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நான் ஒரு நாள்கூடப் பொறுக்கவில்லை.

மறுபடி செய்தோம். அடியில் ஓர் அங்குலம் எரு கலக்காத தோட்ட மண், அதன்மேல் ஓர் அங்குலம் மணல், நெருக்கமாக வாலிஸ்நேரியா. காற்றுக் குழாயின் முனையில் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டைச் செருகினோம். ஸ்பாஞ்சு அழுக்கை வடிகட்டுவதோடு, நுண்ணுயிர் குடியிருக்கும் வீடாகவும் இருக்கிறது. ஆகவே அதைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் அலசக் கூடாது. தொட்டித் தண்ணீரையே கொஞ்சம் மொண்டு அதில் பிழியுங்கள். முதலில் இரண்டே மீன் விடுங்கள். சில வாரம் கழித்து இன்னும் இரண்டு. இரண்டு மூன்று நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவு தீனி போதும். வேண்டாத மீனையும் செடியையும் ஊர்க் குளத்தில் கொட்டிவிடாதீர்கள்.

பண்ணைக் குட்டையில் விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்தால், இரவில் பிராணவாயு குறைந்துவிட்டது என்று அர்த்தம். சின்னத் தொட்டி சொல்லிக்கொடுக்கும் பாடம் பெரிய குட்டைக்கும் பொருந்தும்.

எங்கள் வீட்டுத் தொட்டியில் இப்போது மீன் குஞ்சு பொரித்திருக்கிறது. மகள் என்னை மறுபடி சயின்ஸ் படித்தவர் என்று ஒப்புக்கொண்டுவிட்டாள்.