துறைமுகத்தைத் தொலைத்த நகரம்

மலருக்குப் பயணக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க் குழு நண்பர்கள் கேட்டார்கள். போன இடம், தின்ன பண்டம், வாங்கின சாமான் என்று எழுதினால் நம்மவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட்டு குரூப் போட்டோவுக்குப் போய்விடுவார்கள். அதனால் இது பாதி பயணம், பாதி சரித்திரம், நடுவில் கொஞ்சம் ஹைட்ராலிக்ஸ். சிவில் அல்லாத நண்பர்கள் பயப்பட வேண்டாம், ஃபார்முலா ஒன்றும் கிடையாது.

வேலை விஷயமாகத் துருக்கியில் இஸ்மீர் நகரத்தில் சில வாரங்கள் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கிடைத்தது. தெற்கே போகும் ரயிலில் ஏறி, ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் செல்சுக் என்ற சின்ன ஊரில் இறங்கினேன். அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் தூரத்தில் எபேசஸ். பைபிள் படித்தவர்களுக்கு எபேசு என்றால் உடனே தெரியும். இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியை ரோமானியர்கள் 'ஆசியா' மாகாணம் என்று அழைத்தார்கள். அதற்கு இதுதான் தலைநகரம். 2015-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது.

மேல் வாசலில் டிக்கெட் வாங்கிக்கொண்டு நுழைந்தால் சலவைக்கல் பாவிய தெரு சரிவாக இறங்குகிறது. இரண்டு பக்கமும் தூண்கள், உடைந்த சிலைகள், வெயில் காயும் பூனைகள். வரிசையாகத் துளை போட்ட கல் இருக்கைகளும் அடியில் ஓடும் நீர்க்கால்வாயுமாக ஒரு பொதுக் கழிப்பறை. அதன் முன்னால்தான் போட்டோ எடுக்க ஏகக் கூட்டம்! தெருவின் அடியில் செல்சஸ் நூலகம். கி.பி. 2-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ரோமானிய ஆளுநராக இருந்த செல்சஸ் என்பவருக்காக அவர் மகன் கட்டியது. தந்தையின் கல்லறை நூலகத்துக்கு அடியிலேயே இருக்கிறது. இடிந்து கிடந்த முகப்பை 1970 முதல் 1978 வரை ஆஸ்திரியத் தொல்லியலாளர்கள் துண்டு துண்டாகப் பொருத்தி நிமிர்த்தினார்கள். அதைத் தாண்டினால் ஏறக்குறைய 25,000 பேர் உட்காரக்கூடிய திறந்தவெளி அரங்கம்.

அரங்கத்தின் எதிரில் தொடங்குகிறது துறைமுகத் தெரு. நீளம் சுமார் 530 மீட்டர், அகலம் 11 மீட்டர். இரவில் விளக்கு எரிந்த தெரு இது. அந்தக் காலத்தில் தெருவிளக்கு என்பது உலகத்தில் ஒரு சில ஊர்களுக்கே வாய்த்த ஆடம்பரம். கப்பலில் வந்து இறங்குகிறவன் முதலில் பார்ப்பது இந்தத் தெருவைத்தான். சரி, தெருவின் மறு முனையில் என்ன இருக்கிறது? நாணல் புதர். சதுப்பு. அவ்வளவுதான். கடல் எங்கே என்று கைடைக் கேட்டேன். மேற்கே கையைக் காட்டி, ஐந்தாறு கிலோமீட்டர் போக வேண்டும் என்றார்.

நூலகத்தையும் அரங்கத்தையும் பற்றி எல்லாப் புத்தகங்களும் எழுதுகின்றன. எனக்கு அந்த ஐந்தாறு கிலோமீட்டர்தான் பெரிய விஷயமாகப் பட்டது.

கடலை விரட்டிய ஆறு

குற்றவாளியின் பெயர் கெய்ஸ்டர் ஆறு. இன்று துருக்கியர்கள் அதைச் 'சின்ன மெண்டரெஸ்' என்கிறார்கள். இதன் அண்ணன் பெரிய மெண்டரெஸ், இன்னும் தெற்கே ஓடுகிறது. ஆறு வளைந்து வளைந்து ஓடுவதை 'மியாண்டர்' என்று வகுப்பில் படித்தோமே, அந்தச் சொல் பிறந்தது அந்த அண்ணனின் பழைய பெயரிலிருந்துதான்.

ஓடுகிற தண்ணீர் மண்ணைச் சுமக்கும். வேகம் குறைந்தால் சுமையை இறக்கிவிடும். மலைச்சரிவுகளில் காட்டை வெட்டி விவசாயம் பெருகப் பெருக, ஆறு கொண்டு வந்த மண்ணும் பெருகியது. அது வந்து சேர்ந்த இடம், எபேசஸ் துறைமுகம் இருந்த அமைதியான வளைகுடா. மண் இறங்க இதைவிட வசதியான இடம் ஏது!

எவ்வளவு மண் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. உலகின் ஏழு அதிசயங்களில் ஒன்றான ஆர்ட்டெமிஸ் கோயில் இங்கேதான் இருந்தது. கி.மு. 356-இல் ஹெரோஸ்ட்ராட்டஸ் என்பவன் தன் பெயர் நிலைக்க வேண்டும் என்பதற்காக அதற்குத் தீ வைத்தான். மறுபடி கட்டினார்கள். பின்னால் அதுவும் அழிந்து, இருந்த இடமே மறந்துபோனது. 19-ஆம் நூற்றாண்டில் இங்கே ரயில் பாதை போட்ட ஆங்கிலேயக் கம்பெனிக்கு ஸ்டேஷன் கட்டடங்கள் வரைந்துகொண்டிருந்த ஜான் டர்ட்டில் உட் என்பவர், 1863-இல் கோயிலைத் தேடத் தொடங்கினார். அரங்கத்தில் ஒரு கல்வெட்டு கிடைத்தது. சாமி ஊர்வலம் கோயிலிலிருந்து எந்த வாசல் வழியாக நகருக்குள் வர வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. மனுஷர் அந்த வாசலைக் கண்டுபிடித்து, அதிலிருந்து போகும் பழைய சாலையைத் தோண்டிக்கொண்டே போனார். 1869 டிசம்பர் 31 அன்று கோயிலின் தளம் தட்டுப்பட்டது. சுமார் 6 மீட்டர் வண்டலுக்கு அடியில்! இரண்டு மாடி உயரத்துக்கு மண். இன்று அங்கே துண்டுகளை அடுக்கி நிறுத்திய ஒரே ஒரு தூணும், அதன் உச்சியில் ஒரு நாரைக் கூடும்தான்.

மன்னர்கள் செய்த இன்ஜினியரிங்

சதுப்பு ஏறிக்கொண்டே வந்ததால் ஊர் இடம் மாறியது. அலெக்சாண்டரின் தளபதிகளில் ஒருவரான லிசிமாக்கஸ், கி.மு. 300-ஐ ஒட்டி, இன்று நாம் பார்க்கும் இடத்தில் புது நகரைக் கட்டி மதில் எழுப்பினார். ஆனால் ஜனங்கள் பழைய வீட்டை விட்டு நகர மாட்டேன் என்றார்கள். பெரிய மழை வரும்வரை காத்திருந்து, மழை கொட்டியபோது பழைய ஊரின் வடிகால்களை அடைத்துவிட்டாராம் மன்னர். வீட்டுக்குள் வெள்ளம் வந்ததும் எல்லோரும் மூட்டையைக் கட்டிக்கொண்டு புது ஊருக்கு வந்துவிட்டார்கள். இதை எழுதி வைத்தவர் ஸ்டிராபோ என்ற கிரேக்கப் புவியியலாளர், ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன்.

அதே ஸ்டிராபோ சொல்லும் இன்னொரு கதையைத்தான் நம் மாணவர்கள் கவனிக்க வேண்டும். கி.மு. 159 முதல் 138 வரை ஆண்ட பெர்கமம் மன்னர் இரண்டாம் அட்டலஸின் கையில் அப்போது எபேசஸ் இருந்தது. வண்டலால் துறைமுகத்தில் ஆழம் குறைந்து, பெரிய சரக்குக் கப்பல்கள் தடுமாறின. முகத்துவாரம் ரொம்ப அகலமாக இருப்பதுதான் கோளாறு, ஒரு தடுப்புச் சுவர் கட்டி அதைக் குறுக்கினால் ஆழம் தானாக வரும் என்று மன்னரும் அவருடைய இன்ஜினியர்களும் முடிவு செய்தார்கள். சுவரையும் கட்டினார்கள்.

இதைக் கேட்டு யாரும் சிரிக்க வேண்டாம். வாயைக் குறுக்கினால் நீரோட்டத்தின் வேகம் கூடும், வேகம் கூடினால் அடிமண்ணை அரித்துக்கொண்டு போகும். இன்றைக்கும் பல முகத்துவாரங்களில் இந்தக் கணக்கை நம்பித்தான் சுவர் கட்டுகிறோம். ஆனால் அந்தக் கணக்கு பலிக்க வேண்டுமானால் உள்ளே வந்து வெளியே போக நிறையத் தண்ணீர் வேண்டும். மத்தியதரைக் கடலின் இந்தப் பகுதியில் ஓதம் ஒரு முழம்கூட ஏறி இறங்காது. அலையும் நீரோட்டமும் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்த மண்ணையும் இந்தச் சுவர் மறித்துவிட்டது. துறைமுகம் முழுக்க முன்பைவிட வேகமாகத் தூர்ந்தது. வாசலைப் பார்த்தார்கள். வருகிற மண்ணுக்கு வழி என்ன என்று பார்க்கவில்லை.

தூர் வாரினவர் கதி

அதற்காக எபேசஸ் உடனே செத்துவிடவில்லை. நகரத்தின் பெரிய நாட்கள் எல்லாம் இதற்குப் பிறகுதான் வந்தன. காரணம், யாராவது ஒருவர் அவ்வப்போது தூர் வாரிக்கொண்டிருந்தார்கள். நீரோ காலத்தில் ஆளுநராக இருந்த பாரியா சொரானஸ் இந்தத் துறைமுகத்தைச் சுத்தம் செய்ய மெனக்கெட்டார். இந்தச் சுறுசுறுப்பே சக்கரவர்த்தியின் வெறுப்பை வளர்த்தது என்கிறார் வரலாற்றாசிரியர் டாசிட்டஸ். கி.பி. 66-இல் சொரானஸுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. நல்ல பொதுப்பணிக்குக் கிடைத்த பரிசு!

பிறகு சக்கரவர்த்தி ஹேட்ரியன் ஆற்றையே திசை திருப்பினார். துறைமுகத்தைக் கப்பல் வரும்படி ஆக்கியதற்காக அவரைப் புகழ்ந்து கி.பி. 129-இல் நகரத்தார் கல்வெட்டு வைத்தார்கள். அதே நூற்றாண்டில் இன்னொரு ஆளுநர் போட்ட ஆணையும் கல்வெட்டாகக் கிடைத்திருக்கிறது. மர வியாபாரிகள் கரையில் பாரத்தை அடுக்காதே, அடியில் இருக்கும் முட்டுக்கட்டைகள் கெடுகின்றன. கல் வியாபாரிகள் துறைமுகத்தில் கல் அறுக்காதே, தூள் விழுந்து தூர்கிறது. விஷயம் இவ்வளவுதான். ஆற்றை நிறுத்த முடியாத ஊர், கல் தூளையாவது நிறுத்தப் பார்த்திருக்கிறது. மேற்பார்வை வேலையில் இருக்கும் நண்பர்களுக்கு இந்த ஆளுநரின் தலைவலி நன்றாகப் புரியும்.

நிலநடுக்கங்கள் வந்தன. கி.பி. 262-ஐ ஒட்டி கோத்தர்கள் வந்து சூறையாடினார்கள். அதையெல்லாம் தாங்கிக்கொண்டு நகரம் எழுந்தது. கி.பி. 431-இல் கிறிஸ்தவ ஆயர்களின் பெருமன்றமே இங்கு கூடியது. ஆனால் கடல் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது, கப்பல் வரும் கால்வாய் நீண்டுகொண்டே போனது. வியாபாரம் சுருங்கச் சுருங்கத் தூர் வார ஆளும் இல்லை, காசும் இல்லை. மிச்சமிருந்த மக்கள் செல்சுக் குன்றுப் பக்கம் ஒதுங்கினார்கள். 1375-இல் அங்கே கட்டிய ஈசா பே மசூதியில் பழைய நகரத்தின் தூண்களைப் பார்க்கலாம். இன்று எபேசஸைப் பார்க்க வரும் பெரிய உல்லாசக் கப்பல்கள் தென்மேற்கே உள்ள குஷாதாசியில் நிற்கின்றன. அங்கிருந்து பஸ்ஸில்தான் வர வேண்டும்.

நமக்கு என்ன?

படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. நாளைக்கு நீங்கள் கட்டப் போகும் பாலத்துக்கும் கட்டடத்துக்கும் திறப்பு விழா நடக்கும், கல்வெட்டு வைப்பார்கள், போட்டோ எடுப்பார்கள். தூர் வாருவதற்கு யாரும் ரிப்பன் வெட்ட மாட்டார்கள். செல்சஸ் நூலகத்தை யாராலும் மறக்க முடியாது. ஆனால் நூலகம் கட்டக் காசு கொடுத்ததே அந்தத் துறைமுகம்தான். அது போனதும் சலவைக்கல் தெருவும் விளக்கும் அரங்கமும் எதற்கும் உதவவில்லை. டிசைன் மேஜையில் உட்காரும்போது, இதை இருபது வருஷம் கழித்து யார் பராமரிப்பார்கள், எந்தக் காசில் என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். அந்த வரிக்கு விடை இல்லை என்றால் டிராயிங் எவ்வளவு அழகாக இருந்தாலும் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

துருக்கிப் பக்கம் போகும் வாய்ப்புக் கிடைப்பவர்கள் எபேசஸை விட்டுவிடாதீர்கள். காலையில் சீக்கிரம் போய்விடுங்கள். நிழலே கிடையாது, தொப்பியும் தண்ணீரும் அவசியம். நூலகத்தில் போட்டோ எடுத்து முடித்ததும் எல்லோரும் வெளியே போகப் பார்ப்பார்கள். நீங்கள் துறைமுகத் தெருவில் கொஞ்ச நேரம் நின்று, அந்த நாணல் புதர்களைப் பார்த்துவிட்டு வாருங்கள்.