ஐயம் எழுதிய கை

1593ஆம் ஆண்டு. இலண்டன் நியூகேட் சிறையில் ஓர் இளைஞன் நோயுற்று மாண்டான். கொள்ளையனல்லன், கொலைகாரனுமல்லன். கத்தோலிக்கக் குரு ஒருவருக்குத் தன் அறையில் இடம் தந்தான். எலிசபெத் அரசியின் சட்டத்தில் அது குற்றம்! ஹென்றி டன் அவன் பெயர். அவனுடைய அண்ணன்தான், ஆங்கில இலக்கியம் இன்றும் போற்றும் கவிஞன் ஜான் டன்.

அண்ணனை மட்டும் சட்டம் விட்டதா? ஆக்ஸ்போர்டில் பயின்றான், பட்டம் பெறவில்லை. திருச்சபைக்கு அரசியே மேலாளர் என்று உறுதிமொழி கூறினால்தான் பட்டம்! அறிவை அளக்க வேண்டிய கூடத்தில் மதத்தை அளந்தனர்.

அந்நாளில் அவன் எழுதிய அங்கதப் பாடல்களில் மூன்றாவதை நாம் படிக்குந்தோறும் வியக்கிறோம். மன்னன் சொன்னான், போப்பாண்டவர் சொன்னார், லூதர் சொன்னார் என்பதற்காக எதையும் பற்றாதே. ஐயுற்றுத் தேடு என்பதே அதன் கருத்து. கடவுளை மறுத்தவனல்லன் டன். ஆயினும் பிறர் கைகாட்டிய வழியில் கண்மூடி நடக்க மறுத்தான்.

1601இல், தன்னைச் செயலாளனாக வைத்திருந்த சர் தாமஸ் எகர்ட்டனுடைய மனைவியின் உறவுப்பெண் ஆன் மோரை மறைவில் மணந்தான். பெண்ணின் தந்தை சீறினார். வேலை போயிற்று, சிறைவாசமும் கிடைத்தது. பின்னர் நெடுநாள் வறுமை, வீடு நிறையப் பிள்ளைகள்.

மன்னனுக்கு உறுதிமொழி அளிக்கக் கத்தோலிக்கர் தயங்க வேண்டியதில்லை என்று 1610இல் நூல் எழுதினான். ஜேம்ஸ் மன்னன் மகிழ்ந்தான். அரசுப்பணி கேட்டபோதோ கைவிரித்தான். திருச்சபைக்கு வா என்றான்! 1615இல் டன் குருவானான். மன்னன் கட்டளையிட, கேம்பிரிட்ஜ் மனமின்றி டாக்டர் பட்டம் தந்தது. ஈராண்டில் ஆன் மாண்டாள். அவள் பெற்ற பன்னிரண்டாம் மகவு இறந்தே பிறந்தது. 1621இல் தூய பவுல் பேராலயத்தின் தலைமைக் குரு அவன். தம்பியைச் சிறையிலிட்ட அரசின் திருச்சபைக்கு அண்ணன் பெரும் பேச்சாளன்!

மனமாற்றமா, வயிற்றுப்பாடா? இரண்டும் கலந்தன என்றே நாம் கருதுகிறோம். அவனைப் போலி என்று தள்ள மனம் வரவில்லை. 1623இல் கடுநோயில் கிடந்தபடி, பிறர் சாவில் தன் பங்கை உணர்ந்து அவன் எழுதிய உரைநடை போலியன்று. ஹெமிங்வே 1940இல் தம் புதினத்துக்குப் பெயர் எடுத்தது அதிலிருந்துதான்.

தற்கொலை எப்போதும் பாவமாகாது என்று வாதிடும் நூலொன்றும் அவனிடம் இருந்தது. குருவான பின் அதை நண்பர் ஒருவரிடம் அனுப்பினான். அச்சிட வேண்டாம், எரிக்கவும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். 1631இல் டன் இறந்தான். அந்நூலைப் பின்னாளில் அவன் மகன் அச்சேற்றினான்.