ஷார்த்ர் பேராலயம்: யாத்திரிகர் வழியே ஒரு சுற்று

பாரிஸுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், கோதுமை விளையும் போஸ் சமவெளியின் நடுவே நிற்கும் ஷார்த்ர் பேராலயத்தில், வழிகாட்டிகள் சிற்பத்தையும் வண்ணக் கண்ணாடியையும் கட்டடக் கலையையும் தனித்தனியே விளக்கினாலும், அவை அனைத்தையும் கோத்து நிற்கும் சரடு யாத்திரையே ஆகும். நாட்டின் நாற்புறத்திலிருந்தும் வந்து குவிந்த பக்தர்களை ஏற்கவும், நடத்தவும், தங்க வைக்கவும் வேண்டியிருந்ததை மனத்தில் கொள்ளாமல் இக்கட்டடத்தைப் புரிந்துகொள்ள இயலாது.

யாத்திரைக்குக் காரணம் ஒரு துணி. இயேசுவைப் பெற்றெடுத்தபோது கன்னி மரியா அணிந்திருந்ததாக நம்பப்படும் இந்தத் திருப்பண்டத்தை, அதாவது புனிதர்களோடு தொடர்புடையதாகப் போற்றப்படும் பொருளை, பிராங்கு அரசர் இரண்டாம் சார்லஸ் 876இல் இவ்வாலயத்துக்கு அளித்தார் என்பது மரபு. பேழைக்குள் இருப்பது தைத்த உள்ளங்கி என்றே நூற்றாண்டுக்கணக்கில் கருதப்பட்டு வந்தது. 1712இல் திறந்து பார்த்தபோதுதான் அது தைக்கப்படாத நீண்ட துணி என்பது தெரிந்தது. ஆயினும் பக்தி குறையவில்லை.

1194 ஜூன் 10 அன்று நகரில் பரவிய பெருந்தீ, மேற்கு முகப்பையும் இரு கோபுரங்களையும் நிலவறையையும் தவிர, ஆலயத்தின் பெரும்பகுதியை அழித்தது. கற்சுவர் போனதைவிடத் திருப்பண்டம் போய்விட்டதே என்றுதான் மக்கள் அதிகம் கலங்கினர் என்றும், நிலவறைக்குள் அடைபட்டிருந்த குருக்கள் சில நாட்களுக்குப் பின் அதைப் பத்திரமாக வெளியே கொண்டுவந்தபோது அந்தத் துயரமே உற்சாகமாக மாறியது என்றும் அக்காலத்து அற்புத வரலாற்று நூல் கூறுகிறது. மாதா தமக்கு இன்னும் பெரிய ஆலயத்தை விரும்புகிறார் என்று அப்போது அங்கிருந்த கர்தினால் மெலியோர் மக்களிடம் எடுத்துரைக்க, திருப்பணிக்குப் பொருள் திரண்டது. சுமார் 37 மீட்டர் உயர வளைவுக் கூரையுடன் எழுந்த புதிய பேராலயத்தின் முதன்மைப் பகுதிகள் ஏறக்குறைய 30 ஆண்டுகளில் முடிந்தது, அக்காலத்தை நோக்க வியக்கத்தக்க வேகம்; அபிஷேகம் 1260இல் நடைபெற்றது.

வழிகாட்டியின்றி நுழைய முடியாத இடம் நிலவறை. 1020இல் நேர்ந்த தீவிபத்துக்குப் பின் ஆயர் புல்பர் கட்டுவித்த இப்பகுதி, மேலேயுள்ள ஆலயத்தின் பக்கங்களை ஒட்டி நீளும் இரு நெடுங்கூடங்களும், பலிபீடத்துக்குக் கீழே அவற்றை வளைந்து இணைக்கும் நடையுமாக அமைந்திருப்பதால், கூட்டம் ஒரு பக்கம் இறங்கி மறு பக்கம் ஏறிச் செல்ல வசதியாக இருந்தது. பூஞ்சை பிடித்த ரை எனும், பனிநாடுகளில் விளையும் தானியத்தை உண்டதால் கைகால் தீயாய் எரிந்து அழுகும் கொடிய நோய்க்கு ஆளானவர்கள் இங்கே ஒன்பது நாட்கள் தங்கிப் பராமரிப்புப் பெற்றனர். பேராலயத்தின் எந்தச் சிற்பத்தையும்விட, இருண்ட இக்கூடத்தில் படுத்துக்கிடந்த அந்த ஏழைகளே ஷார்த்ரின் பெருமைக்கு முதற்சான்று எனலாம்.

மேலே வந்தபின், நடுக்கூடத்தின் தரை மேற்கு வாயிலை நோக்கிச் சற்றே சரிந்திருப்பதை வழிகாட்டிகள் சுட்டிக்காட்டுவர். இரவில் யாத்திரிகர் தங்கிய தரையைக் காலையில் கழுவிவிட ஏதுவாக அவ்வாறு அமைத்தனர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் விளக்கம். அதே தரையில், ஏறத்தாழ 13 மீட்டர் குறுக்களவில், கிளைகளற்ற ஒரே பாதையாகச் சுருண்டு சுருண்டு மையத்தை அடையும் சுழல்வழி பதிக்கப்பட்டிருக்கிறது. அதன் நீளம் 260 மீட்டருக்குச் சற்று மேல்.

1958 முதல் பல பத்தாண்டுகள் ஆங்கிலத்தில் இவ்வாலயத்தை விளக்கிப் புகழ்பெற்ற மால்கம் மில்லர் போன்றோர் ஒரே சாளரத்தின் முன் நெடுநேரம் நின்று பேசுவதற்குக் காரணம் உண்டு. 176 வண்ணக் கண்ணாடிச் சாளரங்களில் பெரும்பாலானவற்றைக் கீழிருந்து மேலாகவே பார்த்துச் செல்ல வேண்டும். தென்பக்க நடையிலுள்ள நல்ல சமாரியர் சாளரம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு: அடியில் செருப்புத் தைப்போர் தம் தொழிலில் ஈடுபட்டிருக்க, அதற்கு மேல் கள்வரால் தாக்கப்பட்ட வழிப்போக்கனும், அவனைப் பார்த்தும் விலகிச் செல்லும் குருவும், காயத்துக்குக் கட்டிட்டு அவனைச் சத்திரத்தில் சேர்க்கும் சமாரியரும் வருகின்றனர், இன்னும் மேலே கண்ணை உயர்த்தினால் ஆதாமும் ஏவாளும் படைக்கப்பட்டுத் தோட்டத்திலிருந்து விரட்டப்படும் கதை தொடர்கிறது. வீழ்ந்துகிடக்கும் வழிப்போக்கன் மனித குலமே, அவனைத் தூக்கிவிடும் சமாரியர் கிறிஸ்துவே என்ற இடைக்கால மறையியல் விளக்கம், இவ்விரு கதைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதிலேயே அடங்கியிருக்கிறது. இதை எடுத்துச் சொல்ல ஒருவர் இல்லாவிடில் இன்றைய பார்வையாளருக்கு அது வெறும் நிறக்கோலமாகவே எஞ்சும். அடியிலுள்ள செருப்புத் தொழிலாளர், ரொட்டி சுடுவோர் போன்ற உருவங்களைக் கொண்டு தொழிற்குழுக்களே இச்சாளரங்களை அளித்தன என முந்தைய வரலாற்றாசிரியர்கள் எழுதினர். பிற்கால ஆய்வாளர் சிலர், நகர வருவாயில் ஆலய நிர்வாகக் குருக்களுக்கு இருந்த அக்கறையை இவை காட்டுவதாகக் கருதி அக்கொடைக் கதையை ஐயுறுகின்றனர். மாதாவின் திருநாட்களையொட்டி இந்நகரில் பெருஞ்சந்தைகள் கூடியதை நோக்க, இந்த ஐயம் ஒதுக்கத்தக்கதன்று.

1194 தீயில் தப்பிய கண்ணாடிகளும் உள்ளன. அழகிய சாளரத்து அன்னை எனப் போற்றப்படும் மாதா உருவம் சுமார் 1180இல் செய்யப்பட்டுப் பின்னர் புதிய சட்டத்தில் பொருத்தப்பட்டது. செந்நிறப் பின்னணியில் மாதாவின் ஆடை காட்டும் வெளிர்நீலம், 13ஆம் நூற்றாண்டுச் சாளரங்களின் ஆழ்ந்த நீலத்திலிருந்து வேறுபடுவதை அருகருகே வைத்தே காணலாம். 1939இல் போர் மூண்டபோது கண்ணாடிகளைக் கழற்றி அப்புறப்படுத்திப் பாதுகாத்ததாலேயே இவை இன்று கண்ணுக்குக் கிடைக்கின்றன.

அண்மைக் காலத்தில் உட்சுவர்களின் கரியை நீக்கி, 13ஆம் நூற்றாண்டில் இருந்ததைப் போன்ற வெளிர்நிறப் பூச்சு வெளிப்படும்படி செய்த சீரமைப்பு, இருளும் பழமையும் போயின என்ற கடும் கண்டனத்துக்கு உள்ளானது. இழந்தது நூற்றாண்டுகளின் புகை, மீண்டது முதல் தலைமுறை யாத்திரிகர் கண்ட ஒளி என்ற சீரமைப்பாளரின் வாதத்துக்கே வலு அதிகம்.

சுற்றின் கடைசிக் கட்டம் கூரை. காடு என்றே அழைக்கப்படும் அளவுக்கு அடர்ந்திருந்த இடைக்கால மரச்சட்டம் 1836இல் எரிந்தபின், பிரெஞ்சுப் பொறியாளர்கள் மரத்தைக் கைவிட்டு, வார்ப்பிரும்பும் தேனிரும்பும் கொண்டு புதிய சட்டத்தை எழுப்பிச் செப்புத் தகடு வேய்ந்தனர். தொலைவிலிருந்து வருவோர் வயல்களுக்கு மேலே முதலில் காணும் அந்தப் பச்சைக் கூரை, களிம்பேறிய இச்செம்பின் நிறமே.