படத்தில் வராத எட்டு வருடங்கள்

1982ஆம் ஆண்டு மே மாதம் கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கும் கார்ஃபீல்ட் உயர்நிலைப்பள்ளியிலிருந்து 18 மாணவர்கள் ஏ.பி. கால்குலஸ் தேர்வு எழுதினார்கள். பள்ளியில் இருக்கும்போதே பல்கலைக்கழக முதலாண்டுப் பாடத்தைப் படித்து எழுதும் அமெரிக்கத் தேர்வு அது. 1 முதல் 5 வரை மதிப்பெண். 3 வாங்கினால் தேர்ச்சி. பதினெட்டு பேரும் தேறினார்கள். பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளி, உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகள். தேர்வை நடத்திய இ.டி.எஸ். நிறுவனம் விடைத்தாள்களில் ஒரே மாதிரியான பிழைகள் இருப்பதாகச் சொல்லி 14 பேரைச் சந்தேகித்தது. அவர்களில் 12 பேர் அதே ஆண்டு மறுபடியும் உட்கார்ந்து எழுதினார்கள். 12 பேரும் தேறினார்கள்.

இந்தக் கதைதான் 1988இல் 'ஸ்டாண்ட் அண்ட் டெலிவர்' என்ற படமாக வந்தது. நான் மூன்று தடவை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் யாராவது "வாத்தியார்னா இப்படி இருக்கணும்" என்பார்கள். இருக்கணும்தான். ஆனால் படத்தில் பின்னக் கணக்குக்கே தடுமாறும் பிள்ளைகள் ஒன்றிரண்டு வருடத்தில் கால்குலஸ் பரீட்சைக்குப் போய்விடுகிறார்கள். அசல் வரலாறு அப்படி நடக்கவில்லை. அந்த ஆசிரியருக்கே இது குறையாக இருந்தது.

ஹைமே எஸ்கலாண்டே பொலிவியாவின் லா பாஸில் கணிதமும் இயற்பியலும் கற்பித்தவர். 1960களில் அமெரிக்கா போனார். அவருடைய ஆசிரியர் தகுதி அங்கே செல்லவில்லை. உணவகத்தில் தரை துடைத்தார், ஆங்கிலம் படித்தார், மறுபடியும் பட்டம் வாங்கினார். கார்ஃபீல்டில் சேர்ந்தது 1974இல். கால்குலஸ் வகுப்பிலிருந்து முதல் ஐந்து பேர் பரீட்சைக்குப் போனது 1979இல். தேறியது இரண்டே பேர். 1981இல் எழுதிய 15 பேரில் 14 பேர் தேறினார்கள். அதற்குப் பிறகுதான் அந்த 1982.

இடைப்பட்ட வருடங்களில் என்னதான் செய்தார்? கீழ்வகுப்புகளைச் சரி பண்ணிக்கொண்டிருந்தார். அல்ஜீப்ரா, வடிவியல், முக்கோணவியல் என்று ஒவ்வொரு படியாக. பின்னாளில் கோடை விடுமுறையிலும் பக்கத்துக் கல்லூரியில் வகுப்புகள் நடந்தன.

இது ஏன் அவசியம் என்பது ஆட் மேத்ஸ் படித்த யாருக்கும் புரியும். நான் கொஞ்ச காலம் டியூசன் எடுத்தபோது கவனித்தது: 'எனக்கு டிஃபரன்சியேஷன் வராது சார்' என்று சொல்கிற பிள்ளைக்கு உண்மையில் வராதது வேறு. x² என்பதை முதல் கோட்பாட்டிலிருந்து வகையிடச் சொல்லுங்கள். (x+h)² விரிக்க வேண்டும், x² கழிக்க வேண்டும், மிஞ்சும் 2xh + h² முழுவதையும் h ஆல் வகுக்க வேண்டும். இதுவரைக்கும் எல்லாமே கீழ்ப்படிவ அல்ஜீப்ராதான். கடைசியில் h பூஜ்யத்தை நெருங்கும்போது 2x மிஞ்சுகிறதே, அந்த ஒரு அடி மட்டும்தான் கால்குலஸ். பிள்ளைகள் அந்த அடிக்கு வருவதற்கு முன்பே, விரிக்கிற இடத்தில், விழுந்துவிடுகிறார்கள். பரீட்சைக்கு மூன்று மாதம் முன்பு கடந்தாண்டுக் கேள்வித்தாள் கட்டை வாங்கிக் கொடுத்து இதைச் சரி செய்ய முடியாது. (அம்மா அப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், வேறு டியூசனுக்கு மாற்றிவிடுவார்கள்.)

எஸ்கலாண்டே தனியாளாகவும் இதைச் செய்யவில்லை. கால்குலஸ் எடுக்க பென் ஹிமேனெஸ் என்ற இன்னொரு ஆசிரியர் இருந்தார். ஹென்ரி கிராடியாஸ் என்ற தலைமையாசிரியர் இருந்தார். ஆரம்பத்தில் ஒரு நிர்வாகி, எஸ்கலாண்டே சீக்கிரமே வந்து நேரங்கழித்துப் போகிறார் என்பதற்காக வேலையை விட்டு எடுப்பேன் என்று மிரட்டியதுண்டு. கிராடியாஸ் அப்படிப்பட்டவர் இல்லை. அடிப்படைக் கணக்கு என்ற பெயரில் பிள்ளைகளைத் தேக்கி வைத்திருந்த வகுப்புகளைக் குறைத்து அல்ஜீப்ரா வகுப்புகளைக் கூட்டினார். எஸ்கலாண்டே திரைநாயகன் ஆனபோது இவருடைய பெயர் யார் வாயிலும் வரவில்லை. எனக்கென்னவோ இந்த வரலாற்றில் பாதி இவருடையது என்றுதான் தோன்றுகிறது.

1987இல் கிராடியாஸ் கார்ஃபீல்டை விட்டுப் போனார். புகழோடு பொறாமையும் வந்தது. வகுப்பில் 50 பேருக்கு மேல் உட்கார வைக்கிறார் என்று ஆசிரியர் சங்கத்தோடு தகராறு. 1991இல் எஸ்கலாண்டேயும் கிளம்பி சாக்ரமெண்டோவுக்குப் போனார்.

படத்தின் முடிவில் திரையில் வருட வாரியாகத் தேர்ச்சி எண்கள் வரும். 1982இல் 18 என்று ஆரம்பித்து 1987இல் 87 வரைக்கும் ஏறும். 1996இல் கார்ஃபீல்டில் கால்குலஸ் தேறியவர்கள் 11 பேர்.